வின்ஸ்டனின் கணுக்கால் புண்: '1984' நாவலில் இடமும் ஆளும்

காட்பாடி வாசகி | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். வருகிற வியாழக்கிழமை எனக்கு செமினார். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' விழுந்திருக்கிறது. எல்லாரையும் எப்போதும் உளவு பார்க்கும் ஒரு கட்சியின் ஆட்சியில், வின்ஸ்டன் என்ற சாதாரண ஊழியன் மாட்டிக்கொள்ளும் கதை. கதை நடக்கும் இடமும் கதாபாத்திரமும் சேர்ந்து நாவலின் கருவை எப்படிக் காட்டுகின்றன என்பது கேள்வி.

முதல் வரைவை மேடத்திடம் காட்டினேன். கட்சித் தலைவர் பெரியண்ணனின் போஸ்டர், வீட்டுக்குள்ளேயே ஆளைக் கண்காணிக்கும் தொலைத்திரை, வின்ஸ்டன் வேலை பார்க்கும் 300 மீட்டர் உயர உண்மை அமைச்சகம், சித்திரவதை நடக்கும் அறை 101 என்று வரிசையாக எழுதி, இவையெல்லாம் கண்காணிப்பு என்னும் கருவைக் காட்டுகின்றன என்று முடித்திருந்தேன். மேடம் படித்துவிட்டு, "இதில் வின்ஸ்டன் எங்கேம்மா? அவன் இல்லாமலே கட்டுரை ஓடுதே" என்றார்கள். அதிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

மறுபடியும் முதல் அத்தியாயத்தை எடுத்தேன். முன்பு தாவிப் போன இரண்டு இடங்கள் இந்தத் தடவை பிடித்து நிறுத்தின. ஒன்று, படிக்கட்டு. வின்ஸ்டன் குடியிருப்பது ஏழாவது மாடி. பகலில் கரண்ட் கிடையாது, லிஃப்ட் ஓடாது. அவனுக்கு வயது 39, வலது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். நின்று நின்று ஏறுகிறான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் போஸ்டரிலிருந்து பெரியண்ணன் முகம் பார்க்கிறது. நான் முகத்தை மட்டும் எழுதியிருக்கிறேன், ஏறுகிறவனை விட்டுவிட்டேன்.

இரண்டாவது, அவன் அறை. மற்ற வீடுகளில் தொலைத்திரை முழு அறையும் தெரிகிற மாதிரி இருக்கும். இவன் வீட்டில் ஏனோ சன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. அதனால் பக்கவாட்டில் ஒரு மாடத்தில் உட்கார்ந்தால் திரைக்குத் தெரியாது. டைரி எழுதும் யோசனை வந்ததில் அந்த அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாவலே சொல்கிறது. அப்படியானால் இடம் ஆளை உருவாக்குகிறதா, இல்லை, ஆள்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறானா? நான் குழம்பிப் போயிருக்கிறேன். படித்தவர்கள் உதவுங்கள்.

---

வேலப்பாடி வாத்தியார் | சனி, இரவு 10.25

நல்ல கேள்வி அம்மா. உங்கள் மேடத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் வாக்கியத்திலிருந்து வருகிறேன். ஏப்ரல் மாதம், குளிர், கடிகாரங்கள் 13 அடிக்கின்றன. வேலூரில் ஏப்ரலில் குளிர் என்பதே நமக்கு அறிவியல் புனைகதை, அதை விடுங்கள். 13 மணி என்றால் நம் பையன்களுக்கு ஒன்றும் உறைப்பதில்லை. காட்பாடி ஸ்டேஷனில் தினமும் 13.05, 13.40 என்று பார்த்துப் பழகியவர்கள். வகுப்பில் நான் சொல்வது இதுதான்: பலகையில் 13 என்று எழுதியிருப்பது வேறு, மணிக்கூண்டு 13 தடவை 'டங்' என்று அடிப்பது வேறு. பதின்மூன்றாவது அடி விழுந்தால் முந்தைய பன்னிரண்டும் சரிதானா என்று சந்தேகம் வரும். ஆங்கிலேயரிடம் அப்படி ஒரு பழைய பேச்சு உண்டு. சந்தேகப்படத் தெரிந்த ஆள் ஒருவன் அந்த ஊரில் இருக்கிறான் என்று அவன் பெயர் வருவதற்கு முன்பே ஆர்வெல் சொல்லிவிடுகிறார்.

அடுத்தது, இல்லாமை. நம் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டல்லவா. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (இன்னும் இரண்டு உண்டு. அவற்றை இங்கே எழுதினால் எனக்கு வீட்டில் சோறு இல்லாத ராத்திரி ஆகிவிடும்.) ஓர் ஊரை, இருப்பதை வைத்துச் சொல்லாமல் இல்லாததை வைத்தே சொல்லி முடிக்கும் சாமர்த்தியம் அது. ஆர்வெல்லின் லண்டனும் அப்படித்தான். பிளேடு இல்லை, கரண்ட் இல்லை, உருப்படியான காபி இல்லை, லிஃப்ட் ஓடுவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'இல்லை' என்று சொல்ல, முன்பு இருந்தது ஞாபகம் இருக்க வேண்டும். ஜலகண்டேஸ்வரர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கும் சொலவடை மாறவில்லை, ஊர் வாயில் பழைய காலம் அப்படியே கிடக்கிறது. வின்ஸ்டன் ஊரில் அந்தச் சொலவடையைச் சொல்ல ஆளில்லை. கடையில் பிளேடு இல்லாததைவிட அது பெரிய பஞ்சம்.

---

மலைக்கோடி | சனி, இரவு 10.31

சார், அந்த இரண்டையும் தனி மெசேஜில் அனுப்புங்கள் 😄

---

ஆற்காட்டான் | சனி, இரவு 11.02

வாத்தியார் சொன்ன ஞாபக விஷயத்துக்கு என் பெட்டியிலிருந்தே ஆதாரம் தருகிறேன். பிறந்தபோது என் மாவட்டம் வட ஆற்காடு. 1989-இல் பிரித்தார்கள், பள்ளிக்கூடக் காகிதத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். கல்யாணப் பத்திரிகையில் வேலூர் மாவட்டம். 2019-க்கு அப்புறம் ராணிப்பேட்டை மாவட்டம். இத்தனைக்கும் வீடு அதே வீடுதான், வேப்பமரமும் அதேதான்.

இதை வைத்து, நம் ஊரும் '1984' தான் என்று ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் போட்டார். எனக்கு ஒப்புதல் இல்லை. என் நான்கு காகிதங்களும் என்னிடமே இருக்கின்றன. பேங்கில் நான்கையும் நீட்டி, நான்கு பேரும் நான்தான் என்று அரை மணி நேரம் விளக்கினேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் விளக்க முடிந்தது. வின்ஸ்டனின் வேலையே பழைய காகிதத்தை மாற்றி எழுதிவிட்டு, மூலத்தை ஞாபகப் பொந்தில், அதாவது காகிதத்தை எரிக்க அனுப்பும் துவாரத்தில், போடுவது. சாக்லேட் ரேஷனை 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைக்கிறார்கள். மறுநாளே 20 ஆக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனார்கள் என்று செய்தி வருகிறது. நேற்றைய பேப்பர் யாரிடமும் இல்லை.

தங்கச்சி, அவன் உட்கார்ந்திருக்கும் மேஜையே ஒரு களம்தான். போஸ்டரை விட்டுவிட்டு அந்த மேஜையை எழுதுங்கள். அந்த வேலையை அவன் ரசித்துச் செய்கிறான், அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாத ஒரு வீரனை உட்கார்ந்த இடத்திலேயே கற்பனை செய்து செய்தியில் ஏற்றுகிறானே, அந்தப் பெருமை மறக்கக் கூடியதா! பாவம் நல்லவன், பாவி அரசாங்கம் என்று எழுதினால் மேடம் மறுபடி திருப்பி அனுப்புவார்கள்.

---

வெள்ளை உடுப்பு | ஞாயிறு, காலை 6.15

நான் இலக்கியம் படித்தவள் இல்லை. இந்த ஊரில் சர்ஜிகல் வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். மகள் வாங்கி வைத்திருந்த புத்தகத்தைப் போன வருடம்தான் படித்தேன். எனக்கு அரசியல் பாதி புரிந்தது, புண் முழுசாகப் புரிந்தது.

பாப்பா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படி ஏறியதால் அவனுக்குப் புண் வரவில்லை. அது வெரிகோஸ் அல்சர், நம் ஊரில் நரம்பு சுருட்டல் என்பார்களே, அதில் வருவது. காலிலிருந்து ரத்தம் மேலே போக சிரைகளில் வால்வு இருக்கிறது. அது கெட்டால் ரத்தம் கீழேயே தேங்கும். கணுக்கால் பக்கம் தோல் கருத்து, அரிப்பெடுத்து, ஒரு நாள் உடையும். நின்றே வேலை செய்கிற ஹோட்டல் மாஸ்டர், கண்டக்டர், டீச்சர் என்று எத்தனையோ பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நடப்பது நல்லது, கெண்டைச்சதை பம்ப் மாதிரி ரத்தத்தைத் தள்ளும். உட்காரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், இறுக்கமாகக் கட்டுப் போட வேண்டும், மாசக்கணக்கில் பொறுக்க வேண்டும். நாள் முழுக்க மேஜையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஆறவே ஆறாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தில் அந்தப் புண் வருகிற இடத்தையெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். டைரி எழுதும்போது அரிக்கிறது, ஆனால் சொறிய மாட்டான், சொறிந்தால் வீங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஏழைகள் குடியிருக்கிற பக்கம் கிலோமீட்டர் கணக்கில் நடந்த அன்றைக்குப் புண் விண்விண் என்று தெறிக்கிறது. காதலி ஜூலியாவிடம் தன்னைப் பற்றிச் சொல்லும்போது பதவியோ படிப்போ வரவில்லை. வயது 39, விட்டுத் தொலைக்க முடியாத மனைவி, நரம்பு சுருட்டல், ஐந்து பொய்ப்பல். பெண் பார்க்கப் போன இடத்தில் எந்த மாப்பிள்ளையாவது இப்படிச் சொல்வானா?

அப்புறம் பழைய சாமான் கடை மாடியில் அறை எடுக்கிறார்கள். அங்கே போக ஆரம்பித்த பிறகு அவன் கண்ட நேரத்தில் ஜின் குடிப்பதை விடுகிறான், உடம்பு பிடிக்கிறது, காலை இருமல் நிற்கிறது, புண் ஆறிப் பழுப்பாக ஒரு கறை மட்டும் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பழுப்புக் கறை உண்மை. வெளியே கசிந்த ரத்தத்தின் இரும்புச் சத்து தோலில் தங்கிவிடும், புண் ஆறினாலும் அது போகாது. கேஸ் ஷீட் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது.

அடுத்து அவனைப் பிடித்துக்கொண்டு போகிற அன்பு அமைச்சகம், பேரில்தான் அன்பு, உள்ளே சித்திரவதை. எத்தனையோ நாள் அடி, பட்டினி. கண்ணாடி முன்னால் நிறுத்துகிறார்கள். புண் வீங்கி, தோல் செதில் செதிலாக உரிகிறது. அதற்கும் அடுத்த அத்தியாயத்தில் அதே ஆட்கள் புண்ணுக்கு ஆயின்ட்மென்ட் போட்டுக் கட்டுகிறார்கள், மிச்சப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் புதுப் பல்செட் கட்டுகிறார்கள்.

அடித்த இடத்தைவிட அந்தக் கட்டுப் போட்ட இடம்தான் எனக்குப் பயமாக இருந்தது. வருடக்கணக்கில் கை கழுவிவிட்டுக் கட்டுப் போட்டவள் நான்.

---

காட்பாடி வாசகி | ஞாயிறு, காலை 8.50

அக்கா, கை நடுங்குகிறது. நான்கு தடவை படித்த புத்தகம். இதை நான் பார்க்கவே இல்லை. புத்தகத்தை எடுத்துச் சரிபார்த்தேன், நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் இருக்கிறது. அறை மாறும்போதெல்லாம் கால் மாறுகிறது!

---

மலைக்கோடி | ஞாயிறு, காலை 9.30

எல்லாரும் உருகுவதற்குள் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். இது அதிகப்படியான வாசிப்பு இல்லையா? ஆர்வெல் அந்த நாவலை ஸ்காட்லாந்தில் ஜூரா தீவில் எழுதினார், காசநோயோடு. 1948 கடைசியில் படுக்கையில் உட்கார்ந்தே டைப் அடித்தார். 1949 ஜூனில் புத்தகம் வந்தது, 1950 ஜனவரியில் ஆள் போய்விட்டார். நோயாளி எழுதினால் கதாநாயகனுக்கும் நோய் வரும். அதற்குக் கரு, குறியீடு என்று பெயர் வைப்பது வகுப்பறைப் பழக்கம். நாளைக்கு வின்ஸ்டன் தும்மினால் அதையும் ஆராய்வீர்கள்.

நாவல் அதிகாரத்தைப் பற்றியது. வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் ஓபிரையன் வாயாலேயே அதைச் சொல்கிறார். கணுக்காலில் போய் எதற்குத் தேடுகிறீர்கள்?

---

வெள்ளை உடுப்பு | ஞாயிறு, காலை 11.05

தம்பி சொல்வது நியாயம்தான். காசநோய்க்காரர் வின்ஸ்டனுக்கு இருமலைக் கொடுத்தார், சரி. காலில் புண்ணை எதற்குக் கொடுத்தார்? ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டிருந்தால் சும்மா ஒரு விவரம் என்று நானும் விட்டிருப்பேன். அரிப்பு, வலி, ஆறியது, மறுபடி கெட்டது, கட்டுப் போட்டது என்று முழு கோர்ஸும் வருகிறதே. கேஸ் ஷீட் இல்லாத வார்டு கிடையாது தம்பி.

---

வாணியம்பாடி வாசி | ஞாயிறு, பகல் 1.20

பிரியாணி வேகிற நேரத்தில் எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னிக்கவும்.

நான் வாசனையை எடுக்கிறேன். தோல் பதனிடும் ஷெட் பக்கத்தில் வளர்ந்தவன். வெளியூர் சொந்தக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கர்ச்சீப்பை எடுப்பார்கள். இவர்களுக்கு என்ன ஆச்சு என்று நாங்கள் பார்ப்போம். தோல் ஷெட் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன கதை. அதெல்லாம் பேப்பரில் படித்தேன். ஆனால் என் மூக்குக்கு எதுவும் தெரிந்ததில்லை, பழகிவிட்டது. காலேஜுக்கு வெளியூர் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்த அன்றைக்குத்தான் எங்கள் ஊர் வாசனை எனக்கே முதல் தடவையாக அடித்தது.

வின்ஸ்டனைப் பாருங்கள். அவன் குடியிருக்கும் வெற்றி மாளிகைக்குள் நுழைந்ததும் வெந்த முட்டைக்கோஸும் பழைய மிதியடியும் நாறுகின்றன. பக்கத்து வீட்டு பார்சன்ஸின் வேர்வை, கேன்டீன் குழம்பு என்று எல்லாம் அவனுக்கு நாறுகிறது. அந்த ஊரிலேயே கிடப்பவனுக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டாமா? கேன்டீனில் உட்கார்ந்து அவன் யோசிக்கிற இடம் ஒன்று வரும். சாப்பாடு எப்போதும் இப்படித்தான் இருந்ததா? வேறு மாதிரி இருந்ததாகத் திட்டமான ஞாபகம் எதுவும் அவனிடம் இல்லை. ஆனால் வயிறும் தோலும், நமக்குச் சேர வேண்டியதை யாரோ ஏமாற்றிப் பிடுங்கிவிட்டார்கள் என்று முணுமுணுக்கின்றன. எனக்கு நாவலின் மையமே அந்த கேன்டீன் மேஜைதான். காகிதத்தையெல்லாம் திருத்தியாகிவிட்டது, சாட்சி சொல்ல உடம்பு ஒன்றுதான் பாக்கி. அக்காவின் புண்ணும் என் மூக்கும் ஒரே கட்சி.

மலைக்கோடி அண்ணன் அதிகாரம் என்கிறார். அந்த அதிகாரம் கடைசியில் எதைக் கேட்கிறது? 2 + 2 = 5 என்று வாயால் சொன்னால் போதாது, நான்கு விரலைக் காட்டினாலும் கண்ணுக்கு ஐந்து விரல் தெரிய வேண்டும் என்று கேட்கிறது. சாட்சியையே கலைக்கிறார்கள் அண்ணே.

இன்னொன்று. ஜூலியா உட்கட்சிக்காரர்களின், அதாவது மேல்மட்டத்துக்காரர்களின், நிஜக் காபித்தூள் கொண்டுவந்து போடும்போது, வாசனை வெளியே போய்விடும் என்று சன்னலைச் சாத்துகிறார்கள். நம் ஊரில் காபி வாசனைக்கு சன்னலைச் சாத்தினால் ஒரே ஒரு காரணம்தான், பக்கத்து வீட்டு மாமா வந்துவிடுவார்.

---

குடியாத்தம் தறி | ஞாயிறு, இரவு 8.10

ஜூலியாவைப் பற்றி யாரும் பேசவில்லை. எப்போதும் இப்படித்தான், காபித்தூளோடு அவள் வேலை முடிந்துவிடும்!

இடம், ஆள் என்று பேச வந்தால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜூலியா இடத்தைப் பயன்படுத்துகிறவள். எந்த ஸ்டேஷனில் இறங்கி, எந்தப் பக்கம் திரும்பி, எந்த வேலிக் கதவைத் தாண்டி வர வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். ஒரு மறைவிடத்தை இரண்டு தடவை பயன்படுத்தலாம், அதுவும் ஒன்றிரண்டு மாதம் விட்டு, என்பது அவள் கணக்கு. அவள் மெஷின் வேலைக்காரி, நாவல் தயாரிக்கிற மெஷினில் ஸ்பானர் பிடிப்பவள். நானும் தறிக்காரி, இந்தப் புத்தி எனக்குத் தெரியும். மெஷினை நம்பலாம், பழுதாகும் நாளையும் எதிர்பார்க்கலாம், அதன்மேல் பாசம் வைக்கக் கூடாது.

வின்ஸ்டன் இடத்தில் குடியேறப் பார்க்கிறவன். பழைய கட்டில், பன்னிரண்டு மணி வரைக்குமே எண் போட்ட பழைய கடிகாரம், பவளம் பதித்த கண்ணாடி உருண்டை. அந்த உருண்டைக்குள்ளேயே அறையும் தாங்கள் இருவரும் இருப்பதாக அவன் நினைத்துக்கொள்கிறான். அறை எடுப்போம் என்று அவன் சொன்னபோது அவளும் சரி என்றாள், இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே. அவள் கணக்கை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான்.

அங்கேதான் ஆர்வெல் கையை முறிக்கிறார். திரை இருக்கிற வீட்டில் திரைக்குத் தெரியாத மாடம் கிடைத்தது. திரையே இல்லை என்று நம்பின அறையில் மாதாகோயில் படத்துக்குப் பின்னால் திரை இருந்தது. கைது நடக்கும்போது கண்ணாடி உருண்டையை உடைக்கிறார்கள், உள்ளே இருந்த பவளம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

அதற்குச் சற்று முன்னால் சன்னல் வழியாக, துணி காயப்போடும் அம்மாவைப் பார்த்து வின்ஸ்டன் அழகு என்கிறான். ஜூலியா, இடுப்பு ஒரு மீட்டர் அகலம் இருக்கும் என்கிறாள். ஒரே சன்னல், இரண்டு பேர். பாப்பா, உன் செமினாருக்கு இந்த ஒரு சன்னல் போதும்.

---

வேலப்பாடி வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.00

குடியாத்தம் அம்மா, நான் இருபது வருடம் பாடம் நடத்தியும் அந்த சன்னலை இப்படிப் பார்த்ததில்லை.

பார்சன்ஸை மட்டும் சேர்க்கிறேன். அவனுக்கும் வின்ஸ்டனுக்கும் ஒரே கட்டடம், அதே அடைப்பெடுத்த குழாய். அந்த ஊர் பார்சன்ஸுக்குச் சொர்க்கம். கடைசியில் தூக்கத்தில் பெரியண்ணன் ஒழிக என்று உளறுகிறான், பெற்ற பெண்ணே சாவித்துவாரத்தில் கேட்டுக் காட்டிக்கொடுக்கிறாள், அவளை நினைத்து அவனுக்குப் பெருமை வேறு. விழித்திருக்கும்போது பரம விசுவாசி, தூங்கும்போது உடம்பு உண்மை பேசிவிட்டது. வாணியம்பாடி தம்பி சொன்ன சாட்சிப் பட்டியலில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மலைக்கோடி | ஞாயிறு, இரவு 9.48

பார்சன்ஸ் தூக்கத்தில் உளறுவதை நான் மறந்தே போனேன். சரி, கணுக்கால் வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா விவரத்துக்கும் இப்படி ஒரு வாசிப்பு உண்டு என்று சொன்னால் அதற்கு நான் இல்லை. திரும்பத் திரும்ப வந்து, வருகிற ஒவ்வொரு தடவையும் மாறினால் மட்டும்தான் கணக்கு. இதை செமினாரில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள், கேள்வி கேட்பவன் வாயை அடைக்கலாம்.

---

காட்பாடி வாசகி | வியாழன், மாலை 6.30

செமினார் முடிந்தது. போஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. படிக்கட்டு, மாடம், கேன்டீன், கடை மாடி, கண்ணாடி முன்னால் நிற்கும் உடம்பு. ஐந்து இடம், ஒரே கால். மலைக்கோடி அண்ணா சொன்ன வரியைச் சொன்னேன், கடைசி பெஞ்சில் ஒருவன் எடுத்த கையைக் கீழே போட்டான்.

இருந்தாலும் ஒரு ஜூனியர் விடவில்லை. "கடைசி அத்தியாயத்தில் அவன் குண்டாகி நல்லாத்தானே இருக்கான் அக்கா, உங்க கணக்குப்படி அது நல்ல இடமா?" என்று கேட்டாள். காபிக்கடையில் ஜின் குடித்துக்கொண்டு செஸ் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், உடம்பு தேறியிருக்கிறது, மூக்கும் கன்னமும் தடித்துச் சிவந்திருக்கின்றன. எனக்கு உடனே பதில் வரவில்லை. மேடம் சிரித்துவிட்டு மணியைப் பார்த்தார்கள். வெள்ளை உடுப்பு அக்கா, அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

---

வெள்ளை உடுப்பு | வியாழன், இரவு 7.05

அந்தச் சிவப்பு ஆரோக்கியத்தில் வருவது இல்லை என்று சொல்லும்மா. குடிக்கிறவர் முகம் அது, தினம் பார்த்திருக்கிறேன். வார்டில் வெயிட் மட்டும் பார்த்து டிஸ்சார்ஜ் எழுதுகிற டாக்டர் சிலர் உண்டு. நாங்கள் கையெழுத்துக்கு முன்னால், ராத்திரி தூங்கினாரா, யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாரா என்று கேட்போம். அவனுக்கு அந்தக் கடைசி அத்தியாயத்தில் அம்மா ஞாபகம் ஒன்று வருகிறது பார், மழை நாளில் பரமபதம் மாதிரி ஒரு விளையாட்டு, அம்மாவும் தங்கச்சியும் சிரிக்கிறார்கள். அது பொய் ஞாபகம் என்று அவனே தள்ளிவிட்டு ஜின்னை எடுக்கிறான். அந்த ஜூனியரை அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்.

என் புத்தகத்தை மகள் திருப்பிக் கேட்கிறாள். கோடு போட்டதை இன்னும் அவள் பார்க்கவில்லை.